டாங்க் என்றால் குளம்

எங்கள் மீன்தொட்டிக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் அந்த மீனுக்கு ஒரே பெயர்தான்: டாங்க் கிளீனர். விலங்கியல் படித்தவள் என்பதால் அதன் நீளமான அறிவியற் பெயரும் எனக்குத் தெரியும். ஆனால் குழுவில் அதைச் சொன்னால் "உது ஆர் புதுசா?" என்று கேட்பார்கள். கறுத்த உடம்பு, கவசம் போட்டதுபோலக் கடினமான செதில், தலைக்குக் கீழே வாய். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். விரல் நீளத்தில் வாங்கும்போது வடிவாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு வருடத்தில் முழங்கை நீளத்துக்கு வந்து, வாலை ஒரு தடவை அடித்தால் தொட்டித் தண்ணீர் பாதி நிலத்தில் கிடக்கும். வாங்கியவர்கள் அப்போதுதான் யோசிக்கத் தொடங்குவார்கள், இதை இனி என்ன செய்வது என்று.

நான் அதை வாங்கியதில்லை. என் தொட்டிகளில் இருந்தவை எங்கள் ஊர்க் குளத்துச் சின்னக் கெண்டைகள். அம்மாவின் பழைய தேத்தண்ணி வடியால் படிக்கட்டில் இருந்தபடியே கோலி எடுத்தவை. குழுவில் அவற்றின் படத்தைப் போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "உதெல்லாம் வாய்க்கால் மீன், சும்மா கிடைக்கிறது" என்பார்கள். அந்தச் சும்மா கிடைப்பதுதான் எனக்குப் பைத்தியம். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிற பட்டதாரிக்கு ஏதாவதொரு பைத்தியம் வேண்டும்.

ஆடி மாதத்தில் ஒரு காலை பெரியப்பா போன் எடுத்தார். அப்பாவின் தமையன். நீர்ப்பாசனக் கந்தோரில் கடிதம் எழுதி ஓய்வுபெற்றவர், கோயில் குளப் புனரமைப்புக் குழுவின் செயலாளரும் அவர்தான்.

"மீன் படிச்ச பிள்ளை, கெதியா குளத்தடிக்கு வா. ஒரு சாமான் காட்டுறன்."

எங்கள் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் இருக்கிற குளம் முன்பெல்லாம் ஆடியில் வெடித்துக் கிடக்கும். பெடியள் அதற்குள் கிரிக்கெட் விளையாடுவார்கள். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற ஊரவர்கள் அனுப்பிய காசில் பெரியப்பாவின் குழு அதை ஆழமாக வெட்டி, படிக்கட்டுக் கட்டி, வற்றாத குளமாக்கியது. வற்றாததால் தண்ணீர் நின்று பச்சையானது. போன திருவிழாவில் தீர்த்தத்தின்போது ஒரு மாமி படியில் இருந்த பாசியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். அந்த வீடியோ லண்டன் வரை போனது. "நாங்கள் காசு அனுப்பினது பாசி வளக்கவோ?" என்று அங்கிருந்து ஒருவர் குரல்பதிவு அனுப்பினார். பெரியப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபடி வீட்டுக்குள் நடந்தாராம்.

நான் போனபோது அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேல்படியில் நின்றார். பக்கத்தில் வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள், ஈரமான பொலித்தீன் பைகள், ரப்பர் வளையங்கள்.

"எங்கை பெரியப்பா மீன்?"

"விட்டாச்சு. நல்ல நேரம் பாத்து, ஐயர் தண்ணி தெளிச்சு, எல்லாம் முறையா."

"என்ன மீன்?"

போனை நீட்டினார். பேஸ்புக் விளம்பரம். பருத்தித்துறையில் இருந்து ஒருவர் ஆன்லைனில் மீன் விற்கிறார். டாங்க் கிளீனர், பெரிய சைஸ், யாழ்ப்பாணம் எங்கும் பஸ்ஸில் அனுப்பப்படும்.

"பெரியப்பா, இது கண்ணாடித் தொட்டிக்கு."

"ஆர் சொன்னது? டாங்க் எண்டு வடிவாப் போட்டிருக்கெல்லே."

"டாங்க் எண்டால் தொட்டி."

அவர் சிரித்தார். என் கையைப் பிடித்துக் குளத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மேலே தமிழில் குளம். கீழே அதே பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் டாங்க்.

"நீ பிறக்க முதலே நான் கந்தோரிலை டாங்க் எண்டு எழுதினனான். இந்த டாங்க் உடைஞ்சுது, அந்த டாங்க்குக்கு மண் போடோணும் எண்டு எத்தினை கடிதம். இப்ப வந்து எனக்குச் சொல்லுறாள், தொட்டியாம் தொட்டி!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆங்கிலத்தைக் குளக்கரையில் வைத்துப் படித்த ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது. சொல்லில் அவர் சொன்னதுதான் சரி. அதுதான் என்னை மறிச்சது.

பிறகு மூச்சு விடாமல் சொன்னேன். இது எங்கள் நாட்டு மீன் இல்லை. மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும். குஞ்சு பொரிக்கக் கரையைக் குடைந்து பொந்து போடும். தண்ணீர் வற்றினாலும் சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும். இதை எங்கள் பக்கத்தில் தின்னவும் ஆளில்லை. இந்த ஒரு குளத்துக்குள் இருக்கும்வரை ஏதாவது செய்யலாம். மாரி மழையில் குளம் நிரம்பி மேலதிகத் தண்ணீர் வானால் பாய்ந்தால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அங்கால் வழுக்கையாறு. சண்டிலிப்பாய் தாண்டி அராலி வரை அந்த ஆறு தொடாத குளம் இல்லை. அதற்குப் பிறகு யாராலும் பிடிக்க முடியாது. மாரிக்கு முதல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

பெரியப்பா பொறுமையாகக் கேட்டார்.

"பாசி தின்னுமோ, தின்னாதோ?"

"தின்னும். ஆனா..."

"பிறகென்ன? யப்பான் மீனும், உந்தத் திலாப்பியா, ஒரு காலத்திலை ஆரோ கொண்டுவந்து விட்டதுதானே. இப்ப ஊர் குழம்பு வைக்கேல்லையோ?"

"நீங்கள் மச்சமே சாப்பிடுறேல்லை, பெரியப்பா."

"நான் ஊரைச் சொன்னனான்."

அன்றைக்கே விற்றவருக்கு போன் எடுத்தேன். கோபமாகத்தான் எடுத்தேன். அவர் கோபப்பட இடமே தரவில்லை.

"தங்கச்சி, உங்கடை பெரியப்பா பெரிய சைஸிலை எவ்வளவு இருந்தாலும் அனுப்பு எண்டார். எனக்கு அந்தாளைக் கும்பிடோணும் போலை இருந்தது. ஆக்கள் சின்னனிலை வாங்கிக்கொண்டு போவினம், வளந்தவுடனை கொண்டந்து என்ரை வாசலிலை வைச்சிட்டுப் போவினம். வீட்டுச் சீமெந்துத் தொட்டி முழுக்க உதுதான். மனுசி குளிக்க இடமில்லை எண்டு பேச்சு."

"குளத்துக்கெண்டு தெரிஞ்சுதான் குடுத்தனீங்களோ அண்ணை?"

"டாங்க்குக்கு எண்டார். டாங்க் பெரிசோ ஐயா எண்டு கேட்டன். நல்ல பெரிசு, முப்பது பரப்புக் காணி வரும் எண்டார். மனுசன் பகிடி விடுறார் எண்டு நினைச்சன்."

"திருப்பி எடுப்பீங்களோ?"

"எடுத்து என்ன செய்ய? கொல்லவோ? நானும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறவன், தங்கச்சி."

குழுவில் ஒரு நீண்ட பதிவு எழுதினேன். குளத்தின் படம், மீனின் படம், ஏன் இயற்கை நீர்நிலைகளில் விடக்கூடாது என்று பந்தி பந்தியாக. முழுக்கத் தமிழில், யாருக்கும் விளங்கக்கூடிய மாதிரி. அவ்வளவு இதயக் குறிகள் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. கீழே முதல் கருத்து: "சூப்பர் அக்கா, இப்பிடிக் குளத்திலை விடலாம் எண்டு இவ்வளவு நாளும் யோசிக்கேல்லை." அடுத்தது: "நாங்களும் எங்கடை ஊர்க் கேணியிலை விட்டனாங்கள், வடிவா நிக்குது." வேறொருவர், தன்னிடமும் ஒன்று பெரிதாகிவிட்டது, அந்தக் குளத்துக்கு எந்த பஸ்ஸில் வருவது என்று கேட்டார். படத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். பதிவை அழித்தேன். அதற்குள் அது வேறு குழுக்களுக்குப் போய்விட்டது. படமும் முதல் வரியும் மட்டும்.

கந்தோர்களுக்கும் போனேன். ஒன்றில், குளம் எங்களுடையது, மீன் இல்லை என்றார்கள். இன்னொன்றில், மீன் எங்களுடையதுதான், ஆனால் சாப்பிடுகிற மீன் மட்டும் என்றார்கள். இரண்டிலும் மரியாதையாக வாங்குப் பலகையில் இருத்தித்தான் சொன்னார்கள்.

இதற்கிடையில் கோயிலில் கொடி ஏறியது. கொடி ஏறினால் இறங்கும்வரை ஊரில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. கோயில் குளத்தில் வலை வீசுவதைப் பற்றிக் கதைக்கவே முடியாது. நான் ஒருக்கா வாய் திறந்து பார்த்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன்.

தீர்த்தத்தன்று படிக்கட்டு பளிச்சென்று இருந்தது. முதல் நாள் முழுக்க ஊர்ப் பெடியள் கம்பிப் புருசால் உரஞ்சியதை நான் கண்ணால் கண்டேன். பெயர் மீனுக்குப் போனது. யாரும் வழுக்கவில்லை. பெரியப்பா பட்டுச் சால்வையோடு படியில் நின்று லண்டனுக்கு நேரலை காட்டினார். "இயற்கை முறையிலை துப்புரவு செய்யிறம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. சனம் பொரி எறிந்தது. கவசம் போட்ட கறுத்த முதுகுகள் ஒருக்கா மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு அமிழ்ந்தன. ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்: "அங்கை பார், பிள்ளையாற்றை மீன்." எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் கை எடுத்துக் கும்பிட்டார்.

அந்தப் பெயர் விழுந்ததும் விளங்கிவிட்டது, இனி வாதம் செய்ய முடியாது என்று. டாங்க் கிளீனரோடு சண்டை பிடிக்கலாம். பிள்ளையாற்றை மீனோடு எப்படிப் பிடிப்பது?

திருவிழா முடிந்த கிழமை வடியைக் கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். எவ்வளவு கோலியும் கெண்டை ஒன்றும் வரவில்லை. சேறும் இலைத் துண்டும்தான். வெயிலுக்குத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. கிழக்குக் கரையில் தண்ணீர் மட்டத்தோடு பொந்துகள், கை நுழையும் அளவில். பெரியப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"எலிப் பொந்து" என்றார்.

"தண்ணிக்குள்ளை எலியோ பெரியப்பா?"

"தண்ணியெலி."

சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கரைக்கு மண் அடித்தது அவர் நின்று பார்த்த வேலை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "சரி, உன்ரை ஆசைக்கு ஒருக்கா வலை போட்டுப் பார். ஆனா கோயில் வாசலிலை ஒண்டும் சாகப்படாது" என்றார்.

என்னோடு படித்த சிநேகிதியின் அப்பா குருநகரில் கடற்றொழில் செய்கிறவர். மகள் கேட்டாளே என்று வீச்சுவலையோடு பஸ் ஏறி வந்தார். முதல் மழை அப்போதே தூறத் தொடங்கிவிட்டது. கோயில் கோபுரத்தைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டு வலையை வீசினார். வட்டமாக விரிந்து விழுந்தது. நான் கைதட்டாத குறை. இழுக்கும்போது கனத்தது. கரைக்கு வந்ததும் அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இது மீனே, முள்ளுக்கம்பியே?"

செட்டையின் முள்ளுகள் வலைக்கண்ணுக்குள் கொழுவி, ஒவ்வொன்றும் உடம்பை முறுக்கியபோது நூல் பட்பட்டென்று அறுந்தது. ஒன்றைக் கழற்ற முன் மற்றது இரண்டு கண்ணைக் கிழித்தது. கத்தியால் வலையை வெட்டித்தான் கடைசியில் எல்லாவற்றையும் எடுத்தோம். அவர் கிழிசலை விரித்துப் பிடித்துப் பார்த்த விதத்தில் என்னால் "இன்னொருக்கா அங்கிள்" என்று கேட்க முடியவில்லை. அந்த வலையில்தான் அவருடைய வீட்டு அடுப்பு எரிகிறது. நான் கேட்காததை அவரே விளங்கிக்கொண்டு, "கோவிக்காதையுங்கோ மகள், இது வலைக்கு அடங்கிற சாமான் இல்லை" என்றார்.

பிடிபட்டவற்றைப் பெரிய வாளிகளில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கராம்பு எண்ணெயைத் தண்ணீரில் கலந்தால் மீன் நோகாமல் மயங்கி அப்படியே போய்விடும் என்று படித்திருக்கிறேன். படித்தபடி செய்தேன். மீன் வளர்க்கிற கையால் அதைச் செய்வது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்மா குசினியில் இருந்து வந்து கராம்பு மணத்துக்கு மூக்கை உறிஞ்சினார். "ஆருக்கடி பல்லுக் கொதி?"

குளத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் படியில் நின்று பார்த்தபோது விரல் நீளத்தில் குஞ்சுகள் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தன.

பிறகு மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை, வானம் உடைஞ்ச மழை. குளம் ஒவ்வொரு படியாக விழுங்கிக்கொண்டு ஏறியது. எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு யோசனை. குளத்தின் மேலதிகத் தண்ணீர் வெளியேறுகிற வானுக்குக் குறுக்கே வலை கட்டுவது. அம்மா பூங்கன்றுகளுக்கு நிழலுக்குக் கட்டியிருந்த பச்சை வலையைக் கேட்காமல் அவிழ்த்தேன். இரண்டு மடிப்பாக மடித்து, கம்பிகளை அடித்து, கட்டுக்கம்பியால் இறுக்கினேன். நனைந்து விறைத்தாலும் எனக்கு அன்றைக்கு ஒரு மாதிரிச் சந்தோசம். குஞ்சு கூடப் போகாது.

அடுத்த நாள் காலை வெடிச் சத்தம் கேட்டது. குளம் வெட்டியதற்குப் பிறகு முதல் தடவை வான் பாய்கிறது என்று ஊர் வெடி கொளுத்தியது. குடையோடு ஓடினேன். பெரியப்பா நனைந்துகொண்டே போனைப் பிடித்தபடி, "பாருங்கோ, எங்கடை குளம் வான் பாயுது! எல்லாம் உங்கடை உதவி!" என்று லண்டனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதில்லை.

ஆனால் வானில் தண்ணீர் வடிவாகப் பாயவில்லை. வலையின் மேலால் கொஞ்சம் வழிந்தது, அவ்வளவுதான். இலையும் சம்புப் புல்லும் போத்தலும் பொலித்தீனும் வந்து அடைத்து வலை மதில் மாதிரி நின்றது. மறிபட்ட தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குள் திரும்பிவிட்டது. அங்கே ஓர் அக்கா புகையிலை நாற்றுமேடை போட்டிருந்தார். வருடம் முழுவதற்குமான அவருடைய நாற்று அது. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"ஆரடி உதைக் கட்டினது?"

"நான்தான் அக்கா. மீன் போயிடும்..."

"என்ன மீன்? உன்ரை மீனுக்கு என்ரை நாத்துச் சாகோணுமோ?"

திரும்பிப் பார்த்தேன். மேடையின் ஒரு பக்கம் அதற்குள் தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. பச்சை நுனிகள் மட்டும் தெரிந்தன. சொல்வதற்கு என்னிடம் என்ன இருந்தது? அராலி வரை போகிற ஆற்றைப் பற்றியா, இன்னும் பொரிக்காத முட்டைகளைப் பற்றியா? அவருடைய நாற்று கண்ணுக்கு முன்னால் மூழ்கிக்கொண்டிருந்தது.

அவர் மண்வெட்டியை ஓங்கினார். "பொறுங்கோ அக்கா, கம்பி கையிலை வெட்டும், நான் கழட்டுறன்" என்றேன். முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி, நேற்று நானே முறுக்கிய கட்டுக்கம்பியை நானே அவிழ்த்தேன். இறுக்கமாகத்தான் முறுக்கியிருந்தேன், நேரமெடுத்தது. அக்கா மற்றப் பக்கத்தைப் பிடித்து இழுத்தார். வலை ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் தண்ணீர் என்னைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்திராவிட்டால் நானும் போயிருப்பேன். பின்னால் கரையில் சனம் கைதட்டியது. வான் இப்போதுதான் வடிவாகப் பாய்கிறதாம்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். தேத்தண்ணி நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு போனது. அதற்குள் மீன் போனதா, எவ்வளவு போனது, பெரிதா, குஞ்சா? ஒன்றும் தெரியவில்லை. கண்டிருந்தால்கூட ஒரு மாதிரி ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாத்துப் பாதி தப்பும்" என்றார் அக்கா, மூச்சு வாங்கியபடி. பிறகு என் கையைப் பார்த்துவிட்டு, "ரத்தம் வருது, போய்க் கழுவு" என்றார்.

மழை விட்ட காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வழியே போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு மதகடியிலும் இறங்கி நின்று பார்த்தேன். சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு சின்னப் பாலத்தில், வெள்ளம் பார்க்க வந்த ஓர் ஐயா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கன நேரம் என்னைக் கவனித்திருக்க வேண்டும்.

"என்ன பிள்ளை, எதையும் துலைச்சுப்போட்டியோ?"

"மீன் ஐயா. ஒரு கறுத்த மீன். இந்தப் பக்கம் கண்டனீங்களோ?"

"வளத்ததோ?"

போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். "வடிவான சாமான்" என்றார். "அந்தரப்படாதை. எங்கடை பெடியள் உதிலைதான் தூண்டில் போடுறவங்கள். சொல்லி வைக்கிறன்."

"பிடிச்சால் திருப்பித் தண்ணியிலை மட்டும் விடாதையுங்கோ ஐயா."

"சீச்சீ, ஆத்திலை விடுவமே? எங்கடை கோயில் கேணி கிட்டத்தானே இருக்கு. பத்திரமா அதிலை விட்டு வைக்கிறன். நீ ஆறுதலா வந்து எடு."

அவர் முகத்தில் அவ்வளவு நல்ல மனம் இருந்தது. கேணி எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன். குடையால் காட்டினார்.